மூச்சு முட்டிய மோட்டார்

விருதுநகர் எண்ணெய்க்குப் பெயர் போன ஊர் என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், பருப்பு, மிளகாய் வற்றல் முதலியவை எங்கள் சந்தையில் என்ன விலைக்குப் போயின என்பதைப் பத்திரிகைகள் ஒரு தனிச் செய்தியாகவே போடுவது வழக்கம். இப்பேர்ப்பட்ட ஊரில் குடியிருந்துகொண்டு தானும் சிறிது எண்ணெய் வடிக்காமல் இருந்தால் கௌரவக் குறைவு என்று எங்கள் வீட்டு மோட்டார் எண்ணிவிட்டது போலும்!

மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் வாசல் தெளிக்கப் போன என் சகதர்மிணி, வண்டியின் இடப்பக்கத்துப் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கறுப்பு வட்டத்தைக் கண்டாள். அன்று அது ஒரு ரூபாய்க் காசு அளவு இருந்தது. அடுத்த வாரம் வடை அளவு ஆயிற்று. மாசி முடிவதற்குள் அப்பளத்தின் அளவுக்கு வந்துவிட்டது.

"வாசலில் நான் ஒரு கோலம் போடுகிறேன், உங்கள் கார் ஒரு கோலம் போடுகிறது. தெருவில் போகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

இந்த மாதிரிக் கேள்விக்கு 'அறிவினா' என்று பெயர் என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் சொல்லியிருக்கிறார். கேட்பவருக்கே விடை தெரியுமாதலால் நான் வாயைத் திறக்கவில்லை.

மோட்டார் என்றதும் ஏதோ புது மாதிரி வண்டி என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போன ஆஸ்திகளில் ஒன்று அது: அம்பாஸிடர், மார்க் 3. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயருடன் ஓடிய வண்டியின் மூன்றாவது வரிசையை ஒட்டி, கல்கத்தாவுக்கு அருகில் உள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1957-ல் செய்யத் தொடங்கிய ஜாதி. மந்திரிகளும், கலெக்டர்களும், மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளைகளும் ஏறிச் சென்ற அந்த வண்டியின் உற்பத்தி 2014-ம் வருஷம் மே மாதத்தில் நின்றுபோயிற்று.

கல்கத்தாவுக்கும் எங்கள் கரிசல் சீமைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மழை பொய்த்து, பயிர் பொய்த்துக் கிடந்த சிவகாசியிலிருந்து ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் 1922-ல் தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். கற்றுத் திரும்பி ஊரின் தலையெழுத்தையே மாற்றினார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அதே கல்கத்தாப் பக்கத்திலிருந்து என் வண்டி இங்கே வந்தது. அதன் நோய்க்கு மருந்து சிவகாசியில் கிடைத்தது என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா?

நோய் இன்னது என்று சொல்வதற்கு முன் அங்க லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியின் பின்புறம் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் தடித்த இரும்புக் குழாய் ஒன்று தெரியும். அதன் நடுப்பாகம் பூசணிக்காய் போல் உப்பியிருக்கும். இதுதான் பின் ஆக்ஸில். பூசணிக்காய்க்குள் 'கிரவுன்' என்ற பெரிய பற்சக்கரமும் 'பீனியன்' என்ற சிறிய பற்சக்கரமும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து நீளவாட்டில் வரும் சுழற்சியைக் குறுக்குவாட்டில் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. இந்தப் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நில்லாமல் வழுக்கவும் செய்கின்றன. சாதாரண எண்ணெயாக இருந்தால் அந்த நெருக்குதலில் பிதுங்கி விலகிவிடும். ஆகையால் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானங்கள் கலந்த, கெட்டியான 90 நம்பர் கியர் எண்ணெயை அதில் ஊற்றுகிறார்கள். அந்தக் கந்தகத்தினால் அதற்கு ஒரு தனி நாற்றம் உண்டு. தீபாவளிக்கு மறுநாள் தெரு மணக்கிறதே, அந்த வாசனைக்கு இது தூரத்து உறவு.

பூசணிக்காயில் இருக்கும் எண்ணெய் குழாய் வழியாகச் சக்கரத்தின் ஹப்புக்கு வந்து அங்குள்ள பேரிங்கை நனைக்கும். அதற்கு மேல் வெளியே போகாமல் தடுப்பதற்கு 'ஆயில் சீல்' என்ற ரப்பர் வளையம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதற்கு மெல்லிய உதடு ஒன்று உண்டு. அந்த உதட்டை ஒரு சுருள் கம்பி சுற்றிப் பிடித்து, அது படியும் இரும்பின் மேல் எப்போதும் அணைத்துக்கொண்டிருக்கும். இந்த உதடு தளர்ந்தால் எண்ணெய் வெளிவந்து, ஹப்புக்கு மேலே கவிந்திருக்கும் பிரேக் டிரம்முக்குள் புகுந்துவிடும். கோலம் கெடுவது அற்ப விஷயம். பிரேக் கெடுவதுதான் ஆபத்து.

சக்கரத்தடியில் ஈரத்தைக் கண்டதும் அது எந்த ஈரம் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் எண்ணெயும் அதே இடத்தில்தான் ஒழுகும். ஒழுகியதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தண்ணீரில் விட்டுப் பார்த்தால் போதும். சாதாரணப் பிரேக் எண்ணெய் தண்ணீரோடு கலந்துவிடும். கியர் எண்ணெய் மேலே மிதக்கும். என் வண்டியின் சொட்டு மிதந்தது, மணந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் இளைஞனிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவன் சீலை மாற்றினான். பதினைந்து நாளில் மறுபடியும் அப்பளம் தோன்றியது. இரண்டாம் முறை மாற்றினான். மறுபடியும் அப்பளம். மூன்றாம் முறை வேறு கடையில் சீல் வாங்கி வந்து, கூலியும் வேண்டாம் என்று சொல்லி மாற்றினான். அதுவும் பத்து நாள்தான் நின்றது.

என் பொறுமையும் அத்துடன் ஒழுகிப் போயிற்று. "ஒரு ரப்பர் வளையத்தை ஒழுங்காக மாட்டத் தெரியாதவன் பட்டறை எதற்கு வைக்கிறான்?" என்று டீக்கடையிலும், ஆசிரியர் அறையிலும், பஸ் ஸ்டாண்டிலும் சொன்னேன். வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும். அந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள் என்று இரண்டு மூன்று பேர் மற்றவர்களுக்குச் சொன்னதும் என் காதில் விழுந்தது. அப்போது அது எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனியில் சிவகாசியில் ஒரு கல்யாணம். மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆமத்தூரைத் தாண்டியதும் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு ரஸ்தாவின் குறுக்கே ஓடிற்று. அதைத் துரத்திக்கொண்டு எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்தான். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நேராக நிற்பதற்குப் பதிலாக வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. இடப்பக்கத்துப் பிரேக்கில் எண்ணெய் ஊறியிருந்ததால் அந்தச் சக்கரம் பிடிக்கவில்லை; வலச் சக்கரம் மட்டும் பிடித்தது. எதிரே ஒரு லாரி. அதன் டிரைவர் புண்ணியவான், அவரும் பிரேக்கை அழுத்தினார். அவர் வண்டிக்கும் என் வண்டிக்கும் நடுவில் ஒரு கட்டிலைப் போடலாம், அவ்வளவுதான் இடம். பையன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் எங்களைப் பார்த்துச் சிரித்தான். என் மகள் மட்டும் என் சட்டையைப் பிடித்த கையை வெகு நேரம் விடவில்லை.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். வைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பின் சக்கரத்தை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஐயா, பிள்ளைகுட்டியோட போறீக. இவுகள பஸ்ஸுல ஏத்தி விடுங்க. நீங்க மெதுவா உருட்டிக்கிட்டுப் போயி, சிவகாசியில எங்க மேஸ்திரிகிட்டக் காட்டுங்க" என்று சொல்லி, வழியும் சொன்னார்.

அப்படியே செய்தேன். திருத்தங்கல் வழியாக மாட்டு வண்டி வேகத்தில் போய்ச் சேர்ந்தபோது கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்திருந்தது.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பட்டாசு லாரிகளையும் அச்சாபீஸ் வேன்களையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. நான் மூன்று சீல்களின் சரித்திரத்தையும், அவற்றை மாட்டியவனின் யோக்கியதையையும் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ. ஆக்ஸிலின் பூசணிக்காயைத் தொட்டுப் பார்த்து, "சூடாத்தான் இருக்கு. நல்லது" என்றார். பிறகு எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியை ஸ்பானரால் மெள்ள, மெள்ளத் திருகினார்.

'புஸ்ஸ்...' என்று ஒரு சத்தம் வந்தது.

"கேட்டீகளா, வாத்தியாரய்யா?"

"கேட்டேன். என்ன அது?"

"மூச்சு. உள்ள மூச்சு முட்டிப் போயிக் கெடக்கு. நீங்க சீலைத் திட்டிக்கிட்டு வந்திருக்கீக."

பிறகு கீழே படுத்து, ஆக்ஸில் குழாயின் முதுகைக் கையால் தடவி, என்னையும் தடவச் சொன்னார். கட்டை விரல் நகம் அளவுக்குச் சிறு குமிழ் ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதன் பெயர் 'பிரீதர்'. ஆக்ஸிலின் உள்ளே இருக்கும் காற்று வெளியே போய்வருவதற்காக வைத்த மூக்குத் துவாரம். அந்த மூக்கின் மேல் கெட்டியான கறுப்புச் சாயம் ஒரு தோல் மாதிரி படிந்திருந்தது. சாயத்தின் மேல் கரிசல் புழுதி அப்பியிருந்தது.

"இதுக்கு மேல சாயம் பூசினது யாரு?"

நேயர்களே! பூசச் சொன்னவன் நான்தான். பொங்கலுக்கு முன்னால், துருப் பிடிக்காமல் இருக்கட்டும், பார்வைக்கும் லட்சணமாக இருக்கட்டும் என்று, வண்டியின் அடிப்பாகம் முழுவதும் கறுப்புச் சாயம் அடிக்க ஏற்பாடு செய்தேன். ஓர் இடம் விடாமல் அடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று கட்டளையும் இட்டேன். அவர்கள் ஓர் இடமும் விடவில்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், நான் பௌதிக ஆசிரியன். மூடிய பாத்திரத்தில் உள்ள காற்றைச் சூடாக்கினால் அதன் அழுத்தம் உயரும் என்பதை வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன். 30 டிகிரியில் இருக்கும் காற்று, ஓட்டத்தில் 80 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி அடைத்திருந்தால் அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயரும். சதுர அங்குலத்துக்குச் சுமார் இரண்டரை பவுண்டு அதிகம். ஆயில் சீலின் உதடு எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கச் செய்தது. உள்ளிருந்து தள்ளும் காற்றோடு மல்லுக் கட்டச் செய்ததல்ல. உதடு விலகுகிறது, காற்று போகிறது, கூடவே எண்ணெயும் போகிறது. வண்டி நின்று குளிர்ந்தால் உள்ளே வெறுமை உண்டாகிறது. அதே உதட்டின் வழியாகப் புழுதியையும் ஈரத்தையும் உள்ளே இழுக்கிறது. புழுதி உதட்டை அரிக்கிறது. புதுச் சீல் பதினைந்து நாளில் பழசாகிறது. இவ்வளவும் எனக்குத் தெரிந்த பாடம். கரும்பலகைக்கும் கார் கொட்டகைக்கும் நடுவில் எங்கேயோ அதைத் தவற விட்டுவிட்டேன்.

மேஸ்திரி இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "புஸ்வாணத்துக்கு வாய் தெறந்திருக்கு, பூவாச் சொரியுது. சணல் வெடிக்கு வாயே இல்ல, வெடிக்குது. சிவகாசிக்காரனுக்கு இதையுமா சொல்லணும்?"

இரண்டிலும் மருந்தின் சேர்மானம் வேறு வேறு என்பது மெய்தான். ஆனால் அவர் சொன்னதில் உள்ள சாரம் மெய்யிலும் மெய். மருந்து கலக்கும் அறைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இடைவெளி விட்டுக் கட்டுகிற சீமை இது. அடைபட்ட அழுத்தம் என்ன செய்யும் என்பதை இங்கே யாரும் புஸ்தகத்தைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை.

காரணம் தெரிந்த பிறகு வைத்தியம் முறைப்படி நடந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்குப் பிரயோஜனப்படும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கைப் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். அந்தச் சக்கரங்களையே கழற்றும்போது அதை நம்பி என்ன பயன்? ஜாக்கியால் தூக்கியபின் ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினார். "ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல" என்பது அவர் சித்தாந்தம். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருந்த தூசியை அவருடைய கையாள் வாயால் ஊதப் போனான். மேஸ்திரி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி சுவாசப்பைக்கு யமன். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் பையில் கட்டிப் போடச் சொன்னார்.

பிறகு ஷாஃப்டை உருவி, ஹப்பின் பெரிய நட்டைக் கழற்றினார். இத்தகைய ஆக்ஸில்களில் ஒரு பக்கத்து நட்டுக்கு இடது மரை இருக்கக் கூடும். பலத்தைக் காட்டுவதற்கு முன் மரையைப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவோம். புதுச் சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். சுத்தியால் ஓரிடத்தில் தட்டாமல் சுற்றிலும் சமமாக அழுத்தி உட்கார வைக்க வேண்டும். பழைய உதடுகள் படிந்து படிந்து இரும்பில் ஒரு கோடு விழுந்திருந்தது; நகத்தால் தடவினால் தெரிந்தது. அந்தக் கோட்டின் மேலேயே புதுச் சீலும் உட்கார்ந்தால் ஒழுக்கு நிற்காது என்று சொல்லி, உதடு ஒரு நூல் தள்ளி வழவழப்பான இடத்தில் படியும்படி வைத்தார். ஷாஃப்டின் முகத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள காகிதப் பேக்கிங்கையும் புதிதாகப் போட்டார். அந்த வழியாகவும் எண்ணெய் கசிவது உண்டாம்.

எண்ணெய் ஊறிய லைனிங்குகளைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டிவிடலாமே என்று நான் சிக்கனம் பேசினேன். "கழுவினாப் போற எண்ணெய் இல்ல, ஐயா. சூடேறினா மறுபடி வேர்க்கும்" என்று அவர் மறுத்துவிட்டார். இடப்பக்கம் மட்டும் அல்ல, வலப்பக்கத்துக்கும் சேர்த்துப் புது லைனிங் போட்டார். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கும். ஆமத்தூர் ஆட்டுக்குட்டியை நினைத்துக்கொண்டு உடனே சம்மதித்தேன்.

பிரீதரைக் கழற்றி, சாயத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, வாயில் வைத்து ஊதிக் காட்டினார். காற்று இரு பக்கமும் தாராளமாகப் போயிற்று. கடைசியாக வண்டியைச் சமதரையில் நிறுத்தி, துவாரத்தின் விளிம்புக்கு வரும் வரையில் எண்ணெய் விட்டு, மிகுதி வழிந்து முடிந்த பிறகே மூடியைப் போட்டார். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று விளிம்புக்கு மேல் அடைப்பதும் ஒழுக்கை அழைத்து வரும் காரியந்தான்.

கூலியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மேஸ்திரி கேட்டார்: "அந்தப் பையன் மூணாந்தடவை கூலி வாங்கலேன்னீகளே, அவன் மாட்டின சீலைப் பாத்தேன். சுத்தமா மாட்டியிருக்கான். தொழில் தெரிஞ்சவன். மூக்கைப் பார்க்கத் தோணல, அவ்வளவுதான். இன்னமே தோணும்."

விருதுநகர் வரையில் அந்த வார்த்தைகள் பின் ஆஸனத்தில் உட்கார்ந்துகொண்டு என்னோடு வந்தன. மறுநாள் காலையில் தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். பிரீதரைப் பற்றியும், சாயம் அடித்தவன் யார் என்பதைப் பற்றியும் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அதைப் பார்த்திருக்கணும், சார்" என்றான். அவன் பார்த்திருக்க வேண்டியது உண்மையே. ஆனால் அதற்காக ஊரெல்லாம் அவன் பெயரைக் கெடுத்திருக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. டீக்கடைக்கும், ஆசிரியர் அறைக்கும், பஸ் ஸ்டாண்டுக்கும் போய், சொன்னதை மாற்றிச் சொன்னேன். பழி சொன்னபோது கேட்ட கூட்டத்தில் பாதிகூட இப்போது கேட்கவில்லை. ஆகையால் நாலு நாள் சொல்ல வேண்டியிருந்தது.

வகுப்பில் இப்போது அந்தப் பாடம் வரும்போது புட்டியையும் பலூனையும் விட்டுவிட்டு ஆக்ஸிலைப் படம் போட்டுக் காட்டுகிறேன். சென்ற வாரம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் திடீரென்று வெடித்துச் சத்தம் போட்டான். வழக்கமாக அவனை வெளியே நிறுத்தியிருப்பேன். அன்று பாடம் முடிந்ததும் தனியே கூப்பிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தேன். விஷயம் இருந்தது, ஆனால் அதை இங்கே சொல்வதற்கில்லை.

வண்டி மூன்று மாதமாக வாசலில் நிற்கிறது. கீழே ஒரு சொட்டும் இல்லை. கோலம் கோலமாக இருக்கிறது. என் சகதர்மிணி மட்டும் தினம் காலையில் குனிந்து பார்த்துவிட்டு, "இன்றைக்கு இல்லை" என்கிறாள். 'இன்றைக்கு' என்ற சொல்லை அவள் ஏன் அவ்வளவு அழுத்துகிறாள் என்று நான் கேட்கவில்லை. அதுவும் அறிவினாவாகிவிடும்.